பம்பு கையேட்டில் இருந்த கோட்டை

என் தங்கை நாவல் எழுதி முடித்துவிட்டதாகப் போனில் சொன்னபோது "ரொம்ப சந்தோஷம்டி" என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரைக் கழுவினேன். பிறகு இன்னொன்று. ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்ததையெல்லாம் எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறேன் என்பது ஆறாவது டம்ளரில்தான் உறைத்தது.

பொறாமைதான். இதில் சுற்றி வளைத்துப் பேச என்ன இருக்கிறது? வயிறு எரிந்தது. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை மணிக்குப் பல் பிடுங்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பவள். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில், வேண்டாத தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாளாம். எட்டே மாதத்தில் முந்நூற்றுப் பத்துப் பக்கம்! நான் இருபத்திரண்டு வருஷமாகப் பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறேன். என் அலமாரியில் பதினொரு நோட்டு இருக்கிறது. பதினொன்றிலும் முதல் பக்கம் மட்டும்தான் எழுதியிருக்கிறது. முதல் வரியை எழுதியதும் சிவப்புப் பேனா தானாகக் கைக்கு வந்துவிடும். திருத்துவேன். திருத்தியதைத் திருத்துவேன். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் கதை செத்துப் போயிருக்கும்.

இது போதாதென்று, அவள் அந்த நாவலை அனுப்பியிருந்தது எங்கள் பதிப்பகத்துக்கே. அனுப்பும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"உங்க தங்கச்சின்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா," என்றார் முதலாளி, தாள்கட்டை என் மேசையில் வைத்துக்கொண்டே. "படிச்சு முடிச்சு, போடலாம்னு சொன்னப்புறம்தான் அவங்களே சொன்னாங்க. என்னமா எழுதியிருக்காங்க! புரூஃபை நீங்களே பாத்துடுங்க. வீட்டு விஷயம், ஒரு பிழை இருக்கக் கூடாது."

"பாத்துடலாம் சார்," என்றேன். சிபாரிசு பண்ணினேன் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பைக்கூட அந்தப் படுபாவித் தங்கை எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. நான் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்ப்பேன். கடைசிப் பக்கம், அதற்கு முந்தின பக்கம், அதற்கும் முந்தினது என்று பின்னோக்கியே நடந்து முதல் பக்கத்துக்கு வந்து சேர்வேன். முன்னாலிருந்து படித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் பிழையைத் தாண்டிவிடும். பின்னாலிருந்து பார்த்தால் கதை இல்லை, வெறும் வரிகள்தான். இந்த முறையால் இருபத்திரண்டு வருஷத்தில் என் மேசையைத் தாண்டி ஒரு பெரிய பிழை அச்சுக்குப் போனதில்லை. தங்கை புத்தகம் என்றால் இந்த முறை இன்னும் வசதி. அவள் எழுத்து நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நான் தெரிந்துகொள்ளவே வேண்டியதில்லை பாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் யாரோ ஒருத்தி இருட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை வந்தது. வந்தால் எனக்கென்ன? இரண்டு கால்புள்ளியை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

இருநூற்று நான்காம் பக்கத்தில் பேனா நின்றது. அங்கே ஒரு கோட்டை இருந்தது. நத்தை ஓடு மாதிரி வளைந்த கோட்டை. உள்ளே ஒரு பெரிய சக்கரம், வளைந்த இதழ்களோடு, கடல் நீரை விழுங்கி மேலே துப்பிக்கொண்டே இருக்கும். வாசலில் ஏழு காவல்காரர்கள், அறுகோணத் தலையோடு. மேலே கழுத்து நீண்ட ராணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கோட்டையைக் கட்டியது நான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. சூரியனே வராத ஒரு நாடு, அதற்கு மூன்று விளக்குகள், விளக்குக்கு ஒரு பெண் காவல் என்று போகும் கதை. 'முதல் விளக்கு', 'இரண்டாம் விளக்கு'. அட்டை பிய்ந்து, பசைத்தாள் ஒட்டி, அது மஞ்சளாகி, அதன்மேல் மறுபடி ஒட்டி வைத்திருந்தோம். நான் அவற்றை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவதன் கடைசிப் பக்கத்தில் 'மூன்றாம் விளக்கு விரைவில்' என்று போட்டிருந்தது. விரைவில் வரவில்லை.

எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஆறு. அவளைப் பொடி என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருஷம் பொடிக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்தாள். எழுத்துக்கூட்டவே திணறுகிற வயசு. "மூணாவது புத்தகம் வேணும், மூணாவது புத்தகம் வேணும்" என்று ஒரே அழுகை. அப்பா பம்பு மெக்கானிக். அவருடைய கருவிப் பெட்டியில் ஒரு பம்பு செட் கையேடு கிடந்தது, எண்ணெய்க் கறையோடு. அதற்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மேலே 'மூன்றாம் விளக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து "படிக்க" ஆரம்பித்தேன். படம் காட்டு என்பாள். காட்டுவேன். பம்பை நடுவில் வெட்டிக் காட்டிய படம் கோட்டையானது. போல்ட்டுகள் காவல்காரர்கள். தண்ணீர் வெளியே போகும் குழாய் ராணி. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவேன். "அப்புறம்?" என்பாள். அடுத்த பக்கத்தைத் திருப்பும்வரை அப்புறம் என்னவென்று எனக்கும் தெரியாது. என் வாழ்நாளிலேயே நான் எழுதிய கதை அது ஒன்றுதான், அதையும் எழுதவில்லை.

நாலாவது வாரம் சித்தி பார்க்க வந்தாள். பொடி எழுந்து உட்கார்ந்து சித்தியிடம் சொன்னாள், "இந்தப் புத்தகத்தை எழுதினவங்கதான் சித்தி உலகத்துலயே பெரிய ஆளு." நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயிலிருந்து வந்ததற்கெல்லாம் பேர் அந்தப் பழுப்பு அட்டைக்குப் போயிற்று. சிரிக்காதீர்கள், ஒரு பம்பு புத்தகத்தின் மேல் எனக்கு அப்படிப் பொறாமை வந்தது. அன்று சாயங்காலமே கதையை முடித்துவிட்டேன். மூன்றாம் விளக்கு அணைந்தது, தீப்பெட்டி நனைந்துவிட்டது, விளக்குக்காரி இருட்டில் நின்றாள், முற்றும். பொடி வீட்டைக் கூரையோடு தூக்குகிற மாதிரி அழுதாள். நான் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கையேட்டைக் கருவிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

நிஜமான மூன்றாவது புத்தகம் நாலு வருஷம் கழித்து வந்தது. நான் நூலகத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். அதில் விளக்கு அணையவே இல்லை. கடைசியில் கல்யாணம். கோட்டையுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. "வா, வந்து படி" என்று பொடியைக் கூப்பிட்டபோது, "அந்தப் புத்தகத்து மூஞ்சியில முழிக்க மாட்டேன். நான்தான் கேட்டாச்சே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன்.

பின்னாலிருந்து நடந்து மூன்றாம் நாள் முன்னுரைக்கு வந்து சேர்ந்தேன். அவள் இப்படி எழுதியிருந்தாள்:

'ஆறு வயதில் மூன்றாம் விளக்கு என் கைக்கு வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது; அக்காதான் படித்துக் காட்டினாள். அதில் வரும் சக்கரக் கோட்டையை எழுதியவரின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அதே ஆசிரியர் கடைசியில் விளக்குக்காரியை இருட்டில் நிற்க வைத்துவிட்டு முற்றும் போட்டதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை நான் மறுபடி தொட்டதே இல்லை. அந்தப் பெண்ணை இருட்டிலிருந்து கூட்டி வருவதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.'

படித்துக் காட்டினாளாம்! என்னவோ நான் ஒரு ரேடியோப் பெட்டி மாதிரி. முதலில் சித்திக்கு முன்னால், இப்போது ஊருக்கே முன்னால். பேர் மறுபடியும் அட்டைக்குத்தான் போயிற்று.

அதோடு ஒரு விஷயம் உங்களுக்கும் புரிந்திருக்கும். அந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். வரிக்கு வரி மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இந்த முன்னுரை இப்படியே அச்சானால், இல்லாத கோட்டையைப் புகழ்ந்து, இல்லாத முடிவைத் திட்டியிருக்கிறாளே, இவள் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாவது இருக்கிறாளா என்று முதல் வாரமே கிழித்துத் தொங்கப் போட்டுவிடுவார்கள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு 'தகவலைச் சரிபார்க்கவும்' என்று எழுத வேண்டியது என் வேலை. இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

பேனா மூடியைக் கழற்றினேன். மாட்டினேன். இருக்கட்டுமே என்று தோன்றியது. கேள்விக்குறி போட்டால், கோட்டை என்னுடையது என்று நானே போய்க் கையேந்தி நிற்கிற மாதிரி ஆகாதா? அவளாக அல்லவா கண்டுபிடிக்க வேண்டும்? அப்படியே அச்சாகட்டும், நாலு பேர் சிரிக்கட்டும், அப்போது தெரியும். இப்படி நினைத்தது நான்தான். கூடப் பிறந்தவள்தான்.

அடுத்த நாள் அட்டைப் படம் பார்க்க அவளே பதிப்பகத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடையோடு, மூச்சு வாங்க, நேராக என் மேசைக்கு.

"எப்படிக்கா இருக்கு?"

"பிழை கம்மிதான்."

"பிழையை யாரு கேட்டா? கதை எப்படி இருக்கு?"

"நான் எங்க கதை படிச்சேன்? பின்னாலேர்ந்துதானே பாப்பேன்."

அவள் முகம் கொஞ்சம் வாடியது. எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. "முன்னுரை பாத்தியா? உன்னைப் பத்தி எழுதியிருக்கேனே."

"பாத்தேன். படிச்சுக் காட்டின அக்கா. அந்தக் காலத்துல எனக்கு நல்ல தொண்டை."

"ஏன்க்கா இப்படிப் பேசறே? நீ மட்டும் அன்னிக்கு அந்தப் புத்தகத்தைப் படிச்சுக் காட்டலேன்னா..."

"படிச்சேனா?" நான் எழுந்து நின்றுவிட்டேன். "என்னத்தடி படிச்சேன்? அது அப்பாவோட பம்பு புத்தகம்டி!"

அடுத்த மேசையில் கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த பெண் தட்டுவதை நிறுத்தினாள். பொடி என்னையே பார்த்தாள்.

"சக்கரக் கோட்டை?"

"பதினாலாம் பக்கம். பம்பை நடுவுல வெட்டிப் படம் போட்டிருப்பான். அந்தச் சக்கரத்துக்குப் பேரு இம்பெல்லர்."

"ராணி?"

"தண்ணி வெளிய போற குழாய்."

"ஏழு காவல்காரங்க?"

"போல்ட்டு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்போ அவளை இருட்டுல நிக்க வச்சது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "நான்தான்."

"ஏன்?"

"நீ சித்திகிட்ட அந்தப் புத்தகத்தைப் புகழ்ந்தே. எனக்குத் தாங்கல."

"பம்பு புத்தகத்து மேலயா பொறாமை?"

"ஆமாண்டி. அப்பவும் ஆமா, இப்பவும் ஆமா."

அவள் கண் கலங்கியிருந்தது. "முப்பத்திரண்டு வருஷமா யாரோ முகம் தெரியாத ஆளைத் திட்டிக்கிட்டிருக்கேன் அக்கா. ஒவ்வொரு பக்கமும் அந்த ஆளுக்குப் பதில் சொல்லத்தான் எழுதினேன். கோட்டையும் உன்னுது, ராணியும் உன்னுதுன்னா இதுல எனக்குன்னு என்ன இருக்கு?"

இதைக் கேட்கத்தான் மூன்று நாளாக ஆசைப்பட்டேன். கேட்டுவிட்டேன். கால் நிமிஷம் இனித்தது. அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னுரைத் தாளை மட்டும் புரூஃப் கட்டிலிருந்து உருவிக் கைப்பையில் திணித்தாள்.

"முடிவு உன்னுது இல்ல. அதையாவது முன்னாலேர்ந்து வந்து படி," என்று சொல்லிவிட்டு, அட்டைப் படத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, திருத்தம் போட்ட இரண்டாவது புரூஃப் வந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "முன்னுரையே வேண்டாம்னுட்டாங்கம்மா உங்க தங்கச்சி. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார். ஆக, அந்தப் புத்தகத்தில் நான் இருந்த ஒரே ஒரு வரியும் போயிற்று. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான்.

அந்தக் கோபத்தோடுதான் முதல் பக்கத்தை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முன்னாலிருந்து படித்தேன். அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. பக்கம் கட்டும் பெண் இரண்டு முறை கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லை. கோட்டை என்னுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் நான் கட்டிய கோட்டையில் யாரும் குடியிருக்கவில்லை. இவள் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறவர்களையும், அதன் சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும் குழந்தைகளையும் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஏழாவது காவல்காரனுக்கு முழங்கால் வலி வைத்திருந்தாள். போல்ட்டுக்கு முழங்கால் வலி! பாவி, இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மறுநாள் மாலை கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். விளக்கு அணைகிறது. தீப்பெட்டி நனைந்திருக்கிறது. விளக்குக்காரி கத்தவில்லை, ஓடவில்லை. 'இருட்டில் ஒரு கை அவள் கையைத் தேடி வந்தது.' யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை. அவ்வளவுதான். ஆறு நாளைக்கு முன்னால் இதே இடத்தில் கால்புள்ளி எடுத்துவிட்டுப் போன நான், மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோட்டையைத் திருடிவிட்டாள் என்று எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. என்னிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது, அதுதான் எரிந்தது. 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியீட்டு விழா ஒரு புத்தகக் கடையின் மாடியில் நடந்தது. நாற்பது நாற்காலி. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேச்செல்லாம் முடிந்து, யாராவது கேள்வி கேட்கலாம் என்றதும் ஒரு டீச்சரம்மா எழுந்தார்.

"கடைசியில அந்த வரி ரெண்டு தடவை வருதே. இந்தப் பக்கத்துக் கடைசியில 'இருட்டில் ஒரு கை அவள் கையைத் தேடி வந்தது'ன்னு இருக்கு. பக்கத்தைத் திருப்பினா மேலயும் அதே வரி. அச்சுப் பிழையோன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, வந்தது ரெண்டு கை. முதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. அழுதுட்டேங்க. எப்படி உங்களுக்குத் தோணிச்சு?"

பக்கத்தில் இருந்தவர் மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். இருந்தது. முந்நூற்று ஒன்பதின் அடியில் ஒன்று, முந்நூற்றுப் பத்தின் தலையில் ஒன்று. திருத்தம் போடும்போது வரி இரட்டித்திருக்கிறது. பின்னாலிருந்து பார்த்திருந்தால் அடுத்த நொடியே கண்ணில் குத்தியிருக்கும். முதல் வரிசையிலிருந்து முதலாளி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

மேடையில் பொடி புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்துவிட்டாள்.

"ரெண்டாவது கை எங்கக்காவோடதுங்க," என்றாள் மைக்கில். "அதோ, கடைசி வரிசை."

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். கோட்டை கட்டியதற்கு ஒருத்தரும் தட்டவில்லை. கோட்டை விட்டதற்குத் தட்டுகிறார்கள். சிரிப்பதா எழுந்து ஓடுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரி இரண்டு முறை வந்ததுதான் சரி என்பது வேறு எனக்குப் புரிந்து தொலைத்தது.

கூட்டம் கலைந்து, அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பிரதியோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அவள் தலை நிமிரவில்லை. "என்ன எழுதட்டும்?" என்றாள்.

"நல்லா எழுதியிருக்கேடி. ரொம்ப நல்லா எழுதியிருக்கே," என்றேன். பிரதியை அவள் முன்னால் வைத்தேன். "ஆனா நடந்தது அது இல்ல."

பேனா நின்றது. "எது இல்ல?"

"தீப்பெட்டி நனையவே இல்ல. நனைஞ்சுடுச்சுன்னு அவ பொய் சொன்னா."

"பொய்யா?" அவள் எழுந்துவிட்டாள். பின்னால் இன்னும் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "யாருகிட்டக்கா? எதுக்கு? அப்புறம்?"

படுக்கையில் கிடந்து கேட்ட அதே அப்புறம். ஆனால் முகம் வேறு. உதட்டைக் கடித்துக்கொண்டு, தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று தவிக்கிற முகம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறேன்.

"புத்தகம் வரும். வாங்கிப் படிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக்கூட வாங்காமல் படியிறங்கினேன். "அக்கா! ஏய் அக்கா!" என்று மாடியிலிருந்து கத்தினாள். திரும்பவில்லை.

எதற்குப் பொய் சொன்னாள் என்று எனக்கும் தெரியாது. பதினொரு வயதில் பம்பு புத்தகத்தைப் பிரித்தபோது மட்டும் தெரிந்தா இருந்தது? பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் முதல் வரியை எழுதினேன். அதில் ஒரு பிழை இருந்தது. இருக்கட்டும் என்று இரண்டாவது வரிக்குப் போனேன்.